ரிவர்ஸ் ராமாயி பேச்சை நிறுத்திய நேரம்

அடுத்த மாதம் புதுவயலில் ராமாயி படத்தின் படப்பிடிப்பு தொடங்குகிறது. நம் நகைச்சுவைச் சானலிலிருந்து நீங்கள் மூவரும் உதவி இயக்குநர்களாகப் போகிறீர்கள். நான் போகவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டேன், சானலையும் உங்கள் கையில் கொடுத்தாயிற்று. போன வாரம் வீட்டுக்கு வந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். "நம்ம கேரக்டர்கள்ல எதெதுக்குத் தனிப்படம் எடுத்திருக்கலாம்னு நெனைக்கிறீகக்கா? எழுதிக் குடுத்தீகன்னா எங்களுக்கு உதவும்."

எழுதித்தான் பார்க்கிறேன். கேமரா, விளக்கு, எடிட்டிங் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமாயியாக நடிப்பவள் என் மகள் கயல். போன மாசியில் ஒரு நெல் மில்லில் நடந்தது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் உங்கள் கேள்விக்கான பதிலில் என் பயமும் கலந்துதான் வரும்.

பந்திப் பெரியப்பாவிலிருந்து தொடங்குகிறேன். கல்யாண மண்டபத்தில் தோளில் துண்டோடு இலைக்கு இலை குனிந்து விசாரிப்பாரே, அவர். "ஏன், குழம்பு சரியில்லையா? ஏன் அந்தக் கூட்டுக்கறிய ஒதுக்கி வச்சிருக்கீக? வயிறு சரியில்லையா? காலையிலிருந்தேவா?" என்று அவர் கேட்டுவிட்டுப் போன இலையில் யாருக்கும் அடுத்த கவளம் இறங்காது. மூன்று நிமிடக் காட்சிகளாக அவர் ஓடு ஓடு என்று ஓடினார். உடனே எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு தீபாவளிக்கு அவரை வைத்து ஒரு மணி நேரப் படம் எடுத்தோம். ஒரு பந்திக்குப் பதில் பல பந்திகள், ஒரு ஊருக்குப் பதில் பல ஊர்கள், அவ்வளவுதான். ஜனங்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

ஏன் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. புரியவைத்தவர் நாச்சியாபுரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. மடியில் கீரைக்கட்டுகள். என் முகத்தை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான அந்தப் பந்திப் பெரியப்பாவ எழுதுறது? எம் மருமக போன்ல காட்டுனா."

"ஆமாங்க."

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மனுசன் எப்பச் சாப்புடுவாரு?"

மடியில் நழுவிய கீரைக்கட்டைச் சரிசெய்துகொண்டு அவரே தொடர்ந்தார்.

"எல்லாரையும் சாப்புடுங்க சாப்புடுங்கங்குறாரு. அவர உக்காரச் சொல்ல அங்கன ஒருத்தருமா இல்ல?"

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது. ஒரு மணி நேரம் அவரை ஓட விட்ட எங்களுக்கு, அவர் பசியோடு இருப்பார் என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. அன்றிலிருந்து இது என் அளவுகோல். காட்சி முடிந்த பிறகு அந்த ஆள் என்ன செய்வார் என்று பார்ப்பவர் கவலைப்பட்டால், அவருக்கு ஒரு படம் இருக்கிறது. சிரித்துவிட்டு அடுத்ததைத் தட்டிவிட்டால், அவர் மூன்று நிமிடத்துக்குப் பிறந்தவர், அங்கேயே நன்றாக இருக்கட்டும்.

கொத்துச்சாவி மாமாவை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவர். சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் இங்கே ராஜா தங்கினார் என்பார். படப்பிடிப்புக்குக் கேட்டு வருபவர்களிடம் ஆறு மணிக்கு மேல் கொலுசுச் சத்தம் கேட்கும் என்பார். நிலைக்கதவை விலைக்குக் கேட்டு வருபவரிடம், பங்காளிகளில் ஒருவர் சாமியாராகிவிட்டார், அவர் கையெழுத்துக் கிடைத்தால் இன்றைக்கே கழற்றித் தருகிறேன் என்பார். எல்லாரும் போன பிறகு அந்த வீட்டுக்குள் அவர் எந்த அறையில் படுப்பார்? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டு, ஒரு முழுக் கதையே வைத்திருந்தேன்.

அந்தக் கதையைக் கேட்கத்தான் சென்னையிலிருந்து அந்த இயக்குநர் வந்தார். சிறிய வயது, மரியாதையான பையன். மின்சாமான் கடைக்கு மேலே இருக்கும் நம் அறையில் உட்கார்ந்து, கொத்துச்சாவி மாமாவை முழுவதும் கேட்டார். நல்லா இருக்கு என்றார். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டு, ஒரு கை மேலே, வாய் திறந்தபடி. ராமாயி.

நெல் மில்லில் லாரிகளுக்குப் பின்னால் நின்று ரிவர்ஸ் சொல்பவள். அந்த வேலையை அவள் மில்லோடு விடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. கோபித்துக்கொண்டு மண்டபத்தை விட்டுக் கிளம்பும் மாப்பிள்ளையிடம் எல்லாரும் கெஞ்சிக்கொண்டிருக்க, ராமாயி மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். "வரட்டும் வரட்டும், லேசா அங்குட்டு ஒடிங்க, வாழைமரம் இருக்கு பாத்து, வரட்டும், இன்னங் கொஞ்சம்..." மாப்பிள்ளை முகத்தைத் திருப்பாமலே பின்னோக்கி நடந்து வந்து மணையில் உட்கார்ந்துவிடுவார். இப்படி மருமகள்கள், கடன்காரர்கள், ஒரு தடவை ஓடிப்போன மாடு வரைக்கும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவளைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். மில்லில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண், படப்பிடிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. "ஊருக்கெல்லாம் பின்னாடி என்ன இருக்குன்னு இவ சொல்றா. இவளுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஆரு சொல்லுவா?"

இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, இதுதான் படம்" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் பயமும் வந்தது. கொத்துச்சாவி மாமாவாக நடிப்பவர் எல்.ஐ.சி. ஏஜெண்ட். படம் போனால் சிரித்துக்கொண்டே பாலிசி எழுதப் போய்விடுவார். கயல் அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தாள். இது வந்தால் அவளுக்கு வாழ்க்கை, வராவிட்டால் என்ன என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மறுநாள் மில்லில் ஒரு ஒத்திகை எடுத்துப் பார்க்கலாம் என்றார் இயக்குநர்.

இங்கே நம் வேலைமுறை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் 'கட்' சொல்வதில்லை. கயலின் நல்ல வசனங்கள் எல்லாம் நான் எழுதியது முடிந்த பிறகு அவளாகப் பேசுவதில்தான் வரும். அதனால் படம் பிடிக்கும் முத்து கேமராவை இறக்கினால் முடிந்தது, இறக்காதவரைக்கும் காட்சி ஓடுகிறது. நம்மோடு நடிக்க வரும் மில் ஆட்களிடமும் அதையேதான் சொல்லிவைத்திருந்தோம்: பிள்ளை என்ன கத்தினாலும் நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைச் செய்யுங்கள். ராமாயி 'நில்லுங்க' என்றால் மட்டும் ஒருவரும் நிற்பதில்லை என்பது அவள் காட்சிகளில் வழக்கமான சிரிப்பு. இதில் ஆபத்து எதுவும் இருக்கவில்லை, ஏனென்றால் நம் லாரி நகர்ந்ததே இல்லை. இஞ்சின் ஓடும், முத்து கேமராவோடு நகர்வான், பார்ப்பவருக்கு லாரி வருவது போலத் தெரியும்.

இயக்குநர் சொன்னார், "தியேட்டர்ல இப்படி ஏமாத்த முடியாதுக்கா. வண்டி நிஜமா வந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துடலாமா?"

"எவ்வளவு தூரம் வரணும் தம்பி?"

"சும்மா ரெண்டு அடி."

டிரைவர் பாண்டி அண்ணன் பல வருடங்களாக நம்மோடு நடிப்பவர். "ரெண்டடிதான? கிளட்ச்ச விட்டா வந்துரும்" என்றார். கயல் ஏற்கெனவே துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ கேமராவுக்கு அங்குட்டுப் போ. ஒன்னயப் பாத்தா எனக்குச் சிரிப்பு வராது" என்றாள்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். விளக்குப் பிடிக்கும் சேகரை டிரைவர் கதவை ஒட்டி நிற்கச் சொன்னேன். நான் கையைத் தூக்கினால் அவன் பாண்டி அண்ணனிடம் சொல்ல வேண்டும். சரி என்று நின்றான். இயக்குநர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "நிழல் விழுது, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார். சேகர் தள்ளினான். "இன்னும் கொஞ்சம்." இன்னும் தள்ளினான். கடைசியில் அவன் நின்ற இடத்திலிருந்து டிரைவரும் தெரியாது, நானும் தெரியமாட்டேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அப்போதுதான். ஆனால் அது அப்போது நிழல் பற்றிய சின்னப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. நம் வேலையில் பெரிய முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன, யாரோ கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வது போல. கவனமாக இருங்கள்.

லாரி பின்னால் வந்தது. கயலுக்கு முன்னால் லாரியின் பின்பலகை, முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே நெல் மூட்டை அடுக்கு.

"வரட்டும் பாண்டிண்ணே வரட்டும்... பயப்படாம வாங்க, மாமியா வீட்டுக்கா போறீக... இங்குட்டு ஒடிங்க, இங்குட்டுண்ணே! ஐயோ, சோத்துக்கைப் பக்கம்! காலையில பழைய சோத்த எந்தக் கையால தின்னீக?"

மில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிரிப்பு.

"போதும்ண்ணே. நில்லுங்க. நில்லுங்க நில்லுங்க!"

சிரிப்பு இன்னும் பெரிதானது. நானும் சிரித்தேன்.

அப்புறம் ராமாயி பேச்சை நிறுத்தினாள்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. எல்லாருடைய முகத்திலும் அடுத்த வசனத்துக்கான ஆவல். இயக்குநர் மானிட்டருக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார். முத்துவின் கேமரா அசையவில்லை. அப்படி ஓர் இடைவெளியை ஒரு நடிகை விட்டால், அது சாமர்த்தியம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆனால் ராமாயியை எழுதியவள் நான். அவள் தண்ணீர் குடிக்கும்போதும் பேசுவாள். சாமி கும்பிடும்போதும் பேசுவாள். அவள் வாயை மூடும் காட்சி ஒன்றை நான் எழுதியதே இல்லை. அங்கே நிற்பது ராமாயி இல்லை.

கையைத் தூக்கினேனா என்று நினைவில்லை. தூக்கியிருந்தாலும் பார்க்க ஆள் இல்லை. கத்தினால், பாண்டி அண்ணன் காதில் அது இன்னொரு வசனம். ஓடிப்போய் லாரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தேன். வண்டி குலுங்கி நின்றது.

கயலின் இடுப்புத் துண்டின் நுனி பின்பலகையின் கொக்கியில் மாட்டியிருந்தது. பக்கவாட்டில் விலக முடியவில்லை. பலகைக்கும் மூட்டைக்கும் நடுவில் மூச்சு விடும் அளவுக்கு இடம் இருந்தது, அதற்கு மேல் இல்லை. முத்து துண்டை அறுத்து அவளை வெளியே இழுத்தான். தோளில் மட்டும் சிராய்ப்பு.

பாண்டி அண்ணன் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கயல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ராமாயியின் குரலில், "என்னண்ணே, என்னையவும் மூட்டையோட சேத்து அடுக்கிட்டீகளா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க ஒரு காரணம் கிடைத்ததே என்பது போன்ற சிரிப்பு. பாண்டி அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார், "புள்ள கத்துனது நடிப்புன்னு நெனச்சேன் தாயி. வண்டிப் பாடியில அடி விழுந்தா எங்களுக்கு அது நடிப்பு இல்ல. கால் தானாப் பிரேக்குக்குப் போயிரும்."

கயலின் கையைப் பிடித்தேன். என் விரல்களை அவள் இறுகப் பற்றிக்கொண்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கடினமாக இருந்தது. முத்துவின் கேமரா எல்லாவற்றையும் எடுத்திருந்தது. இயக்குநர் அதை ஓட்டிப் பார்த்தார். அவர் கெட்ட ஆள் இல்லை, அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் பார்க்கப் பார்க்க வேறொன்று அந்த முகத்தில் வந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பார்வை... இதை எந்த நடிகையாலயும் கொண்டுவர முடியாது. படத்தோட முதல் ஷாட் இதுதான். இது ஒண்ணு போதும், எந்தத் தயாரிப்பாளரும் சரின்னுடுவாங்க."

"முத்து, அழிச்சிடு" என்றேன்.

முத்து கயலைப் பார்த்தான். "இப்ப வேணாம்ணே, இருக்கட்டும்" என்றாள் அவள்.

இயக்குநர் சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும். அதற்குள் பதில் சொல்கிறோம் என்று வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நான் தீர்மானித்துவிட்டேன், படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். சமையலறையில் அவள் தோளுக்கு மருந்து போட்டுக்கொண்டே அதைச் சொன்னேன். இவள் அழுவாள், அல்லது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மா, நான் ஏன் பேச்ச நிறுத்துனேன் தெரியுமா?"

"பயத்துலதான்."

"பயந்தான். ஆனா பயந்தா கத்தத்தான வரும்? நானும் மொதல்ல கத்துனேன். எல்லாரும் சிரிச்சாக. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, ராமாயி எம்புட்டுக் கத்துனாலும் ஆரும் நிக்க மாட்டாக. வாய மூடுனா ஒனக்கு மட்டும் தெரியும்னு மூடுனேன்."

லாரி வந்துகொண்டிருந்த அந்த இடத்தில், மூச்சு முட்டும் நேரத்தில், அவள் யோசித்திருக்கிறாள். தன் கதாபாத்திரத்தை யார் எவ்வளவு அறிவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இந்தத் தொழிலில் நெருக்கடி நேரத்து நிதானம் என்று நான் உங்களுக்கு ஏதாவது காட்ட முடியும் என்றால், அது நான் பலகையில் அடித்தது இல்லை. அவள் வாயை மூடியது.

ரயில் நிலையத்துக்கு அவளும், கேமராவோடு முத்துவும் வந்தார்கள். இயக்குநரிடம் அவள்தான் பேசினாள்.

"படம் பண்றேன் சார். ஆனா அந்த ஷாட் வேண்டாம்."

"ஏன்மா? அதுதானே உயிர்?"

"அதுல இருக்குறது ராமாயி இல்ல சார், நான். படம் ராமாயிக்குத்தானே எடுக்குறீங்க? அவ பேசாம நிக்கிறத நான் நடிச்சுத் தாரேன். அது வேற மாதிரி இருக்கும்."

ரயில் வந்து நின்ற பிறகு அவர் சரி என்றார். முத்து அவர் கண் முன்னாலேயே அதை அழித்தான். சென்னை போனதும் இந்த வாய்ப்பு மறந்துபோகும் என்று நினைத்தேன். மறந்துபோகட்டும் என்றும் கொஞ்சம் நினைத்தேன். மறக்கவில்லை. தயாரிப்பாளர் கிடைத்தார், திரைக்கதை வந்தது.

திரைக்கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். மில் காட்சியில், லாரிக்குப் பின்னால், ராமாயி முதல் முறையாகப் பேச்சை நிறுத்துகிறாள் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவள் என்னைக் கூப்பிடப் பயன்படுத்திய ஒரே வழி, இப்போது நடிப்பாகிவிட்டது. இனி அவள் பேசாமல் நின்றால் அது எது என்று எனக்கே தெரியாது.

லாரி நகராது என்று இயக்குநர் உறுதி சொல்லியிருக்கிறார். முன்பு இரண்டு அடி என்றும் அவர்தான் சொன்னார். நானும் வருகிறேன் என்று கயலிடம் கேட்டேன். "நீ பாத்துக்கிட்டு இருந்தா நான் ஓம் மகளாத்தான் நிப்பேன். ராமாயி வர மாட்டா" என்றாள். அவள் சொல்வது சரி. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

'கட்' சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் கயல் சொல்ல ஒரு தனிச் சொல்லை நீங்கள் மூவரும் அவளோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், கதையில் எங்கும் வராத சொல்லாக இருக்கட்டும். யாருடைய நிழல் விழுந்தாலும் டிரைவர் கதவை விட்டு நகராதீர்கள்.

நேற்று மாலை அவள் சமையலறையில் வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். வரட்டும் வரட்டும் என்று போய்க்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. எழுந்து ஓடினேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். அவள் சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ குடி."

படப்பிடிப்பிலும் இப்படித்தான் நடக்கும். பத்துத் தடவையில் பத்துத் தடவையும் அவள் தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தியிருப்பாள். டேக் வீணாகும், இயக்குநர் திட்டுவார், யூனிட்டே உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பரவாயில்லை, லாரியில் ஓங்கி அடித்துவிடுங்கள்.